பொது எம்.பி.ஏ. படிப்பதா, விளையாட்டு மேலாண்மை படிப்பதா?

கேள்வி — கோவில்பட்டி மாணவன்

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோவில்பட்டியில் ஹாக்கி ஆடி வளர்ந்தவன். மாவட்ட அணி வரை ஆடினேன், அதற்கு மேல் என் ஆட்டம் போகாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் மைதானத்தை விட்டு விலக மனமில்லை. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றதை நேரில் பார்த்தபோது, இவ்வளவு பெரிய ஏற்பாட்டைப் பின்னாலிருந்து நடத்துகிறவர்கள் என்ன படித்திருப்பார்கள் என்ற எண்ணமே என்னைப் பிடித்துக்கொண்டது. அக்கா பரதநாட்டியம் கற்றவர். அவர் கலை நிகழ்ச்சி நிர்வாகத்துக்குப் போக விரும்புகிறார். நாங்கள் பொதுவான எம்.பி.ஏ. படிப்பதா, விளையாட்டு மேலாண்மை, நிகழ்ச்சி மேலாண்மை என்று தனிப் பெயர் தாங்கிய படிப்புகளில் சேர்வதா? அப்பா வங்கிக் கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும்.

பதில் — போட்டி அமைப்பாளர்

தம்பி, பதினைந்து ஆண்டுகளாக ஹாக்கி, கபடிப் போட்டிகளை நடத்தும் பணியில் இருக்கிறேன். கடன் வாங்கிப் படிப்பதென்றால் நல்ல கல்லூரியில் பொது எம்.பி.ஏ. படியுங்கள். வரவுசெலவும் ஒப்பந்தமும் வரியும் கைவந்தவர் விளையாட்டுத் துறைக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். கணக்குத் தெரியாதவரிடம் பணத்தை ஒப்படைக்க யாரும் முன்வருவதில்லை.

ஆனாலும் மைதானம் அறியாத படிப்பு சறுக்குவதையும் கண்டிருக்கிறேன். ஒரு போட்டிக்கு வரவுசெலவுத் திட்டம் போட்டவர் நன்றாகப் படித்தவர். நடுவர்களின் படி, தங்குமிடம், ஆம்புலன்ஸ், காப்பீடு எல்லாவற்றையும் எழுதியவர் தண்ணீரை எழுதவில்லை. ஹாக்கிக்கான செயற்கைப் புல்தரையை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் நனைத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மே மாத வெயிலில் டேங்கர் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பில்லையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடைசியில் பரிசுத் தொகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தரையில் ஓடிய உங்களுக்கு இந்தப் பிழை நேராது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றியும் படித்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் அளிக்கும் பயிற்சி, மரபுக் கலைகளின் வளர்ச்சி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. விளம்பரப் பலகை வைத்துக்கொள்வதற்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணம் இதில் சேராது. சிறுமிகளுக்கு ஆண்டு முழுவதும் நடத்தும் பயிற்சித் திட்டம் சேரும். இந்த வேறுபாட்டை அறிந்து திட்ட அறிக்கை எழுதக்கூடியவர்கள் நம் ஊர்ப்பக்கம் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பதில் — விநியோக அலுவலகக் கணக்கர்

சினிமாவிலும் நிலைமை இதுதான். நான் எம்.காம். படித்தவன், பட விநியோக அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் எம்.ஜி. எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகைக்கும் (மினிமம் கேரண்டி) அட்வான்ஸுக்கும் வேறுபாடு தெரியாமல் விழித்தேன். திரையரங்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்து, விநியோகஸ்தருக்குச் சேர வேண்டிய பங்கு 7 லட்சமாகவே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: எம்.ஜி. என்றால் மீதி 3 லட்சம் திரையரங்கின் நட்டம், அட்வான்ஸ் என்றால் அதை விநியோகஸ்தர் திருப்பித் தர வேண்டும். இரவுக் காட்சி முடிந்ததும் வரும் டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் அறிக்கைத் தாளில் காட்சிவாரியாக டிக்கெட் எண்ணிக்கையைச் சரிபார்த்த ஆறு மாதங்களில்தான் தொழில் எனக்குப் பிடிபட்டது. ஆனால் பங்குக் கணக்கில் ஐயம் எழுந்தபோதெல்லாம் என்னைக் காப்பாற்றியது கல்லூரியில் படித்த கணக்குப் பதிவியல்தான்.

பதில் — சபா பணியாளர்

முதல் பதிலோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தனிப் படிப்பை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. லெஸ்டர், மிலான், நியூஷாட்டெல் ஆகிய மூன்று ஊர்களில் நடக்கும் ஃபிஃபா மாஸ்டர் என்ற விளையாட்டு மேலாண்மைப் படிப்பின் பலம், அங்கே படித்தவர்கள் உலகெங்கும் விளையாட்டு அமைப்புகளில் இருப்பதுதான். ஆகவே எந்தப் படிப்பானாலும், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். விசாரித்துத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் கடன் பணத்தைக் கட்டாதீர்கள்.

உங்கள் அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1928இல் மியூசிக் அகாடமி உருவான காலம்தொட்டு, சென்னையின் சபாக்கள் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டே கௌரவச் செயலர்களாக உழைத்தவர்களால் வளர்ந்தவை. முழுநேரச் சம்பளப் பதவிகள் மிகச் சில. அதை அறிந்தே வர வேண்டும். அதே காரணத்தால், கணக்குத் தெரிந்த ஒருவர் மார்கழியில் உதவிக்கு வந்தால் இரு கை நீட்டி வரவேற்பார்கள். செவ்வியல், நாட்டுப்புறக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதுபோன்ற செய்திகளைக்கூட எடுத்துச் சொல்ல ஆளில்லாத சபாக்கள் உண்டு. கச்சேரி முடிந்து பக்கவாத்தியக்காரர்களுக்கு உறை கொடுக்கும் நேரத்தில், வவுச்சரில் கையொப்பம் வாங்க மறந்து மறுநாள் வீடு வீடாக அலைந்தவள் நான்.

கேட்டவரின் மறுமொழி — கோவில்பட்டி மாணவன்

மூவருக்கும் நன்றி. பொது எம்.பி.ஏ.க்காக டான்செட் தேர்வு எழுத முடிவு செய்திருக்கிறேன். அக்கா வரும் மார்கழியில் ஒரு சபாவில் உதவிக்குச் சேர்வதற்குப் பேசி வருகிறார். எங்கள் ஊரில் கோடையில் நடக்கும் போட்டியின் அமைப்பாளர்களிடம் இன்று காலை போய்க் கேட்டேன். பில்களைப் பதிவு செய்யும் வேலையைத் தருவதாகச் சொல்லி, பழகிக்கொள்வதற்காகச் சென்ற ஆண்டின் கணக்கு நோட்டையும் கொடுத்தார்கள். அதில் டேங்கர் தண்ணீருக்கென்று தனித் தலைப்பே இருக்கிறது.