டபிள்யூகெட்டுக்கு ப்ராக்ஸி: பாஷ்ஆர்சில போடணுமா, டபிள்யூகெட்ஆர்சில போடணுமா?

வைகைக்கரை:
எங்க லேப்ல இன்டர்நெட்டுக்கு நடுவுல நிக்கற ஸ்க்விட் ப்ராக்ஸி சர்வர், போர்ட் 3128, யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்கும். அட்ரஸ் மட்டும் குடுத்தா டபிள்யூகெட் (கமாண்ட் லைன் டவுன்லோட் டூல்) 407னு, அதாவது ப்ராக்ஸிக்கு லாகின் வேணும்னு, நின்னுடுது. ஒரு சீனியர் பாஷ் ஷெல் ஆரம்பிக்கும்போது படிக்கற பாஷ்ஆர்சில என்விரான்மெண்ட் வேரியபிளா எக்ஸ்போர்ட் பண்ணுங்கிறார், இன்னொருத்தர் டபிள்யூகெட்டோட சொந்த செட்டிங்ஸான டபிள்யூகெட்ஆர்சி ஃபைல்ல போடுங்கிறார். எதைக் கேக்கறது?

கரிசல்காடு:
பாஷ்ஆர்சி தான் நண்பா. ஒரு எடத்துல போட்டா டபிள்யூகெட், கர்ல், கிட், பிப் எல்லாமே எடுத்துக்கும், ஒவ்வொரு டூலுக்கும் தனி ஃபைல் வச்சிக்கிட்டு பாஸ்வேர்டு மாறும்போதெல்லாம் நாலு எடத்துல யாரு மாத்தறது. எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி ரெண்டையும் சின்ன எழுத்துல போடுங்க. பெரிய எழுத்துல எச்டிடிபி_ப்ராக்ஸி போட்டா கர்ல் வேணும்னே கண்டுக்காது, சிஜிஐ சர்வர்ல (வெப் ரிக்வெஸ்ட் வந்தா ப்ரோக்ராமை ஓட்டற முறை) வெளியாள் அனுப்புற ஹெட்டர் அதே பேர்ல வந்து உக்காந்துடும், 2016ல இந்த ஓட்டை பெரிய பிரச்சினையாச்சு. ப்ராக்ஸி வழியா போக வேண்டாத லோக்கல் சர்வர்களை நோ_ப்ராக்ஸில கமா போட்டு எழுதிடுங்க.

லினக்ஸ்தாத்தா:
தம்பி சொல்றதுல பாதிக்கு மேல ஒத்துக்க முடியல. பாஸ்வேர்டை என்விரான்மெண்ட்ல போட்டா நீங்க ஓட்டற ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் அது போகுது, எதாவது ஒண்ணு க்ராஷ் ஆகி என்விரான்மெண்ட் மொத்தத்தையும் லாக்ல கொட்டிச்சுன்னா முடிஞ்சுது. க்ரான்ல (நேரம் வச்சு தானா ஓடறது) போட்ட வேலை பாஷ்ஆர்சியைப் படிக்கவே படிக்காது. ஹோம் டைரக்டரில டபிள்யூகெட்ஆர்சி வைங்க, பர்மிஷன் 600 (உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாது), உள்ள ப்ராக்ஸி_யூசர், ப்ராக்ஸி_பாஸ்வேர்டு ரெண்டு வரி. பாஸ்வேர்டுல @ இருந்தாலும் அப்படியே எழுதலாம், யுஆர்எல்குள்ள போட்டா தான் %40னு மாத்தணும்.

கரிசல்காடு:
அண்ணே, ரூட்டா ஓட்ட சூடோ போட்டா என்ன ஆகும்? என்விரான்மெண்டை சூடோ கழட்டி விடுதுன்னா, பல டிஸ்ட்ரோல ஹோமையும் ரூட்டுக்கு மாத்திடுது, அப்ப உங்க ஃபைலும் கிடையாது. அதை விட பெரிய தொல்லை, ப்ராக்ஸி அட்ரஸையும் அந்த ஃபைல்லயே எழுதிட்டா அது தான் ஜெயிக்கும், என்விரான்மெண்ட்ல அன்செட் பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் டவுன்லோட் போட்டா, அங்கேருந்து எட்டாத, 10.ல ஆரம்பிக்கிற லேப் ஐபியைத் தேடி டைம்அவுட், மறுபடி ட்ரை, டீஃபால்ட்டா 20 தடவை!

லினக்ஸ்தாத்தா:
அதுக்கு நோ-ப்ராக்ஸி ஆப்ஷன் இருக்கே. இல்லைன்னா அதே டபிள்யூகெட்ஆர்சிங்கிற பேர்ல இருக்கற என்விரான்மெண்ட் வேரியபிள்ல வேற ஃபைலைக் காட்டுங்க, வீட்டுக்கு ஒண்ணு லேபுக்கு ஒண்ணு. சூடோவுக்கு ஈடிசி டைரக்டரில இருக்கற பொது டபிள்யூகெட்ஆர்சில அட்ரஸ் மட்டும் போடலாம், பாஸ்வேர்டு மட்டும் அங்க வேண்டாம், எல்லாரும் படிப்பாங்க.

நைட்ஷிப்ட்:
ரெண்டு பேரும் சொல்லாத ஒண்ணு. எந்தக் காரணத்துக்கும் ப்ராக்ஸி-பாஸ்வேர்டு ஆப்ஷனை கமாண்ட் லைன்ல அடிக்காதீங்க, ஷேர்டு மெஷின்ல பக்கத்துல இருக்கறவர் ஓடற ப்ரோக்ராம்களைக் காட்டற பிஎஸ் கமாண்ட் அடிச்சா அப்படியே தெரியும், ஹிஸ்டரிலயும் கிடக்கும். அப்புறம் எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸியோட மதிப்பு எச்டிடிபி:// னு தான் ஆரம்பிக்கணும், எஸ் சேத்தா ப்ராக்ஸி யுஆர்எல் தப்புன்னு டபிள்யூகெட் எர்ரர் காட்டும். ப்ராக்ஸிகிட்ட கனெக்ட்ங்கற ரிக்வெஸ்ட்டை அனுப்பி அதுக்குள்ள தான் என்க்ரிப்ட் ஆன பேச்சு போகும், அதனால பயம் இல்ல. உங்க ப்ராக்ஸி எச்டிடிபி இல்லாம சாக்ஸ்ங்கற வேற வகைன்னா டபிள்யூகெட்டை விட்டுடுங்க, அதுல அந்த வசதியே இல்ல, கர்ல்ல சாக்ஸ்5எச் போட்டா பேரை ஐபியா மாத்தற டிஎன்எஸ்ஸும் ப்ராக்ஸி வழியாவே போகும்.

வைகைக்கரை:
அட்ரஸை பாஷ்ஆர்சில வச்சேன், யூசர் பாஸ்வேர்டு ரெண்டையும் டபிள்யூகெட்ஆர்சில போட்டு 600 குடுத்தேன், 407 போயிடுச்சு, ஐஎஸ்ஓ இறங்குது. வீட்ல அன்செட் பண்ணா போதும் போல.

லினக்ஸ்தாத்தா:
இதே தான் தம்பி வேணும். ரகசியம் ஃபைல்ல, மாறுற விஷயம் வெளிய.

கரிசல்காடு:
டபிள்யூகெட் மட்டும் தான்னா சரி அண்ணே. நாளைக்கு அவரு அதே லேப்ல கிட் க்ளோன் அடிச்சா 407 திரும்ப வரும், அந்த ஃபைலை கிட் படிக்காதே. கர்லுக்கு கர்ல்ஆர்சி, கிட்டுக்கு கிட்கான்ஃபிக், ஆக மூணு ஃபைல்ல அதே பாஸ்வேர்டு. இதை எப்படி பாதுகாப்புங்கறீங்க?