சீலியா வழக்கு: ஒரு சட்டச் சொல்லுக்குத் தமிழ் தேவை

வணக்கம் நண்பர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மிசௌரி மாநிலத்தின் சீலியாவிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

சீலியா ஓர் அடிமைப் பெண். ராபர்ட் நியூசம் என்ற பண்ணைக்காரர் 1850-இல் அவளை வாங்கும்போது வயது சுமார் 14. அன்றிலிருந்து ஐந்து வருடம் அவர் கையால் பாலியல் வன்கொடுமை. 1855 ஜூனில் ஓர் இரவு, தடியால் அடித்து அவரைக் கொன்றாள், உடலைத் தன் குடிசை அடுப்பிலேயே எரித்தாள்.

வழக்கின் உயிர் ஒரே ஒரு சொற்றொடரில் இருக்கிறது. "எந்தப் பெண்ணையும்" பலவந்தப்படுத்துவது குற்றம் என்றது மிசௌரி சட்டம். அடிமையும் பெண்தானே, அவள் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்று ஜூரியிடம் சொல்லுங்கள் என எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேட்டார்கள். நீதிபதி மறுத்துவிட்டார். (எதிர்த்தரப்பு என்றால் சீலியாவின் தரப்பு. இந்தச் சொல்லே எனக்குக் குழப்பம்தான்!) அந்த டிசம்பர் 21-ஆம் தேதி தூக்கு.

வக்கீல் நண்பர்கள் உதவ வேண்டும். சாட்சியெல்லாம் முடிந்தபின் நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்குவதை, ஜூரி இருந்த காலத்தில் நம் நீதிமன்றங்களில் தமிழில் எப்படிச் சொன்னார்கள்? 'அறிவுறுத்தல்' என்று போட்டுப் பார்த்தேன், ஏதோ பள்ளிக்கூட சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. பழைய சட்ட அகராதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டாலும் போதும். அப்புறம், 'குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு' என்பதைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா?