பாய்க்கப்பல் காலத்து கடற்போர் பத்தி ஆழமா படிக்க எங்க ஆரம்பிக்கலாம்?

கடல்காகம்:
பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் வாழ்க்கை வரலாறு, பிரெஞ்சு-ஸ்பானிஷ் படையோட அவர் மோதின ட்ராஃபால்கர் சண்டை பத்தின டாக்குமென்டரி எல்லாம் திகட்டிடுச்சு. எதை எடுத்தாலும் 1805, இந்தப் பக்கம் 27 கப்பல் அந்தப் பக்கம் 33, ஜெயிச்சாங்க, அவர் செத்துட்டார், முடிஞ்சுது. எனக்கு வேண்டியது காத்தை வச்சு ஒரு கேப்டன் எப்படி யோசிச்சான், ஏன் நூறு வருஷத்துக்கும் மேல எல்லாரும் ஒரே வரிசையில நின்னு சுட்டுக்கிட்டாங்க, அதை உடைக்க ஏன் அவ்ளோ பயம். குண்டு புக்கா இருந்தாலும் பரவாயில்ல.

மேல்காத்து:
வரலாற்றாசிரியர் ராட்ஜரோட 'தி கமாண்ட் ஆஃப் தி ஓஷன்', பிரிட்டிஷ் கடற்படை வரலாறு, 1649ல இருந்து 1815 வரைக்கும். சண்டை, நிர்வாகம், மாலுமிங்க வாழ்க்கைன்னு மாறி மாறி வரும், சாப்பாடு சப்ளை வர்ற இடத்தை மட்டும் தாண்டிடாதீங்க, 1759ல பிரிட்டிஷ் அட்மிரல் ஹாக், பிரெஞ்சு துறைமுகம் ப்ரெஸ்ட் வாசல்லயே மாசக்கணக்கா காவல் நிக்க முடிஞ்சதுன்னா நடுக்கடலுக்கே உயிர் மாடும் காய்கறியும் போய்ச் சேர்ந்ததாலதான், அப்புறம்தான் கிபரோன் விரிகுடால பிரெஞ்சு படையை ஜெயிச்சதெல்லாம்.

பழைய பீரங்கி:
மேஹனை விட்டுட்டீங்களே! அமெரிக்க கடற்படை அதிகாரி, அவரோட 'தி இன்ஃப்ளுயன்ஸ் ஆஃப் சீ பவர் அபான் ஹிஸ்டரி' 1890ல வந்தது, ஆன்லைன்ல ஃப்ரீ. 1783ஓட நின்னுடும், அதனால உங்களுக்கு ட்ராஃபால்கர் தொல்லையே இல்ல 😀 தத்துவம் பேசுற முன்பகுதியை வேகமா புரட்டிட்டு பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் வர்ற அத்தியாயத்துக்குப் போங்க. 1782-83ல பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸ் கூட அஞ்சு சண்டை, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர்னு எல்லாம் நம்ம பக்கத்து கடல்தான். கடலூர்ல 15 கப்பலை வச்சுக்கிட்டு 18 கப்பலோட மோதினார், ஒண்ணையும் மூழ்கடிக்கல, ஆனா ஹியூஸ் மெட்ராஸுக்குத் திரும்பிட்டார், கோட்டையை முற்றுகை போட்டிருந்த இங்கிலீஷ் படை கடல் பக்கம் துணையில்லாம நின்னுச்சு.

துப்பாக்கிமருந்து:
வரிசையை உடைக்க ஏன் பயம்னு கேட்டீங்கல்ல, அதுக்கு கோர்ட் மார்ஷல் (ராணுவ விசாரணை) கதைங்கதான் பதில். 1744 தூலோன் சண்டையில பிரிட்டிஷ் அட்மிரல் மேத்யூஸ் வரிசையை விட்டு எதிரி மேல பாஞ்சார், வேலையே போச்சு, தள்ளி நின்ன அவரோட துணைத் தளபதி லெஸ்டாக் விடுதலை. 1756 மினோர்க்கா சண்டையில இன்னொரு பிரிட்டிஷ் அட்மிரல் பிங் கிட்ட நேரா பாயலாமான்னு கேட்டப்போ மேத்யூஸ் கதியைச் சொல்லியே மறுத்தார், அடுத்த வருஷம் முழுமூச்சா போராடலன்னு அவரையே டெக்ல வச்சு சுட்டுட்டாங்க. இதைப் பார்த்துட்டு எவன் துணிவான்? கோர்பெட் தொகுத்த 'ஃபைட்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' படிங்க, 1530 முதல் 1816 வரை அட்மிரல்களுக்குப் போன உத்தரவுங்க அப்படியே இருக்கு. வறட்சிதான், ஆனா சரக்கு அதுலதான்.

கடல்காகம்:
செம. காத்து வர்ற பக்கம் இருக்கிறவனுக்குத்தான் எப்பவும் லாபமா?

மேல்காத்து:
எப்பவும் இல்ல. எப்போ மோதணும்னு முடிவு அவன் கையில, புகையும் எதிரி பக்கமா போயிடும். ஆனா காத்து பலமா இருந்தா கப்பல் எதிரி பக்கமா சாயும், கீழ்த்தட்டு ஜன்னலைத் திறந்தா தண்ணி உள்ள வரும், பெரிய பீரங்கி எல்லாம் அங்கதான் இருக்கும். காத்துக்குக் கீழ இருக்கிறவன் எல்லாத்தையும் திறந்து சுடலாம், அடிபட்ட கப்பல் அப்படியே நழுவியும் போயிடலாம். பேப்பர்ல காத்துக்கு ஒரு அம்பு போட்டு வரைஞ்சுக்கிட்டே படிங்க, இல்லன்னா மேஹன் பாதி புரியாது.