புதுப்பிப்பு: மின்சாரக் கார் வாங்கி ஓராண்டு ஆகிறது

மதுரையில் தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு 24 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட சிறிய மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பலரும் தயங்கச் சொன்னீர்கள், நான் வாங்கிவிட்டேன்.

வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுவதும் சார்ஜ் செய்தால் நகருக்குள் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடுகிறது. நான் கணக்கில் கொள்ளாதது மின்கட்டணப் படிநிலையைத்தான். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் விகிதம் உயர்ந்துவிடுவதால், முதல் பில்லைப் பார்த்து என் மனைவி காரையே முறைத்தார். அப்படியிருந்தும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டவில்லை. பழைய பெட்ரோல் கார் ஆறு ரூபாய்க்கு மேல் விழுங்கியது.

திருச்சிக்கு ஒரே நாளில் போய்வருவதுதான் இன்னும் சிரமம். போக 135 கிலோமீட்டர் என்பதால் அங்கே சார்ஜ் செய்யாமல் திரும்ப முடியாது. ஒருமுறை பொது சார்ஜர் பழுதாகி நின்றதில் இரண்டு மணி நேரம் வீணானது.

சொந்தமாக வண்டி நிறுத்துமிடமும் பிளக்கும் இல்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.