கென்னலில் ஒரு நாய்க்கு ஹார்ட்வார்ம் பாசிட்டிவ், மற்ற நாய்களை என்ன செய்வது?

கூண்டுக்காவல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சின்னதாக ஒரு கென்னல் நடத்துகிறேன். சொந்த நாய்களும் உண்டு, வெளியிலிருந்து தங்க வருகிற நாய்களும் உண்டு. புதிதாக வந்த நான்கு வயதுப் பெண் நாய்க்கு ரத்தம் பார்த்ததில் ஹார்ட்வார்ம் (இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் வாழும் புழு) பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடவிட்டால் மட்டும் நின்றதும் லேசாக ஒரு வறட்டு இருமல். இப்போது என் கவலை மற்ற நாய்களைப் பற்றித்தான். எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு, நடுவில் வெறும் கம்பிவலை, தண்ணீர்க் கிண்ணமும் விளையாடும் இடமும் பொது. உடனே அவளைத் தனியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா? கூண்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் போதுமா? வேலை பார்க்கும் பையன் அவளைத் தொடவே பயப்படுகிறான். இன்னொன்று, அத்தனை நாய்க்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கினால் கட்டுபடியாகாது, மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி ஊசி மருந்தையே அளவு பார்த்து வாயில் விட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்பவர்கள் இங்கே யாராவது உண்டா?

ஈரமூக்கு பதில்:

அந்தப் பையனைத் தாராளமாகத் தொடச் சொல்லுங்கள். எச்சில், மூத்திரம், மலம், கிண்ணம், ஏன் நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டால்கூட இது தொற்றாது. பிளீச்சிங் பவுடருக்கு இதில் வேலையே இல்லை. நடுவில் ஒரு கொசு இருந்தே ஆக வேண்டும், அதுவும் கடித்த உடனே பறந்துபோய் அடுத்த நாயைக் கடித்தால் பரவிவிடும் என்றில்லை. நோயுள்ள நாயின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா என்ற குஞ்சுப்புழுக்கள் சுற்றிக்கொண்டிருக்கும் (ஒரு துளி ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நெளியும், ஒருமுறை பார்த்தால் மறக்காது). கொசு அதை உறிஞ்சிய பிறகு அதன் உடம்புக்குள்ளேயே புழு இரண்டு தடவை தோல் உரித்து வளர வேண்டும். நல்ல வெயில் காலத்தில் இதற்கு 10 முதல் 14 நாள், குளிர்ந்தால் இன்னும் அதிக நாள், 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சியே நின்றுவிடும். அப்படி வளர்ந்த புழுவோடு அந்தக் கொசு வந்து கடித்தால்தான் அடுத்த நாய்க்கு ஆபத்து.

அதற்காகக் கவலையில்லாமல் இருந்துவிடவும் முடியாது. கென்னல் என்பது கொசுவுக்கு வசதியான இடம், தேடி அலையாமல் பத்தடிக்குள் இத்தனை நாய் கிடைக்கிறது. அதில் ஒன்றின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா இருந்தால் அங்கே பிறக்கிற கொசு எல்லாம் அதையே எடுத்து மற்றதற்குக் கொடுக்கும். ஆகவே கூண்டு மாற்றுவதைவிட அவசரமான வேலை, எல்லா நாய்க்கும் ஒருமுறை ரத்தம் பார்ப்பது. ஆன்டிஜென் டெஸ்ட், கூடவே மைக்ரோஃபைலேரியாவுக்கும் சேர்த்து. அவளுக்கும் பாசிட்டிவ் உறுதிதானா என்று வேறொரு கிட்டில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

நெகட்டிவ் வந்தால் அதை முழுதாக நம்பிவிட வேண்டாம், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆன்டிஜென் டெஸ்ட் பிடிப்பது வளர்ந்த பெண்புழுவை. கொசு கடித்த நாளிலிருந்து புழு முதிர்ந்து குஞ்சு போடவே ஆறேழு மாதம் ஆகும். போன மாதம் தொற்றிய நாய் இன்று சுத்தமாக நெகட்டிவ் காட்டும். அதனால் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றுக்கும் மறுபடி பார்க்க வேண்டும். புதிதாக வரும் நாய்க்கும் இதே கணக்குதான்.

மருந்துமூட்டை பதில்:

ஐவர்மெக்டின் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். மருந்து ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. நாய்களுக்கான ஹார்ட்வார்ம் தடுப்பு மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதுதான். அளவுதான் வேறு உலகம். தடுப்புக்குத் தேவை ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். மாட்டு ஊசி மருந்து 1 சதவீதம், அதாவது ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம். 20 கிலோ நாய்க்கு வேண்டியது 120 மைக்ரோகிராம், கணக்குப் போட்டால் 0.012 மில்லி. எந்த சிரிஞ்சில் அளப்பீர்கள்? ஊசி முனையில் தேங்கி நிற்கிற துளியே அதைவிட அதிகம். "மாட்டுக்குப் போடுவதுபோல எடைக்கு ஏற்ப" என்று யாராவது ஊற்றினால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் ஆகிவிடும், முப்பது மடங்குக்கும் மேல். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு மாதிரி சில இனங்களில் எம்டிஆர்1 என்ற மரபணு மாற்றம் உள்ள நாய்கள் உண்டு, கலப்பினத்திலும் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு அந்த அளவு மூளைக்குள் ஏறித் தள்ளாட்டம், வலிப்பு, கோமா வரை போகும். தங்க வந்த நாய்க்கு அப்படி ஆனால் சொந்தக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அப்புறம் மாதாமாதம் கொடுப்பதன் அர்த்தமும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த மாத்திரை வரப்போகிற மாதத்துக்குக் காவல் நிற்பதில்லை, போன ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம்புழுக்களைத்தான் கொல்கிறது. புழு உள்ளே வந்து இரண்டு மாதம் தாண்டிவிட்டால் மாத்திரைக்குச் சரியாக அடங்காது. கென்னலில் தேதி தவறுவது சகஜம், "அந்தக் கூண்டுக்குக் கொடுத்தாயா" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும், ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே தேதி வைத்துக்கொண்டு கூண்டு வாசலிலேயே அட்டை தொங்கவிடுங்கள். குட்டிகளுக்கு எட்டு வார வயதிலேயே தொடங்கலாம். ரத்தம் பார்க்காமல் பெரிய நாய்களுக்கு நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். ரத்தத்தில் ஏற்கெனவே நிறைய மைக்ரோஃபைலேரியா உள்ள நாய்க்கு மில்பெமைசின் போன்ற தடுப்பு மருந்தைக் கொடுத்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்து ஷாக் ஆகிவிடக்கூடும்.

மழைக்கூரை பதில்:

மேலே சொன்னதோடு கொசுவையும் பாருங்கள் சகோ. கூண்டு கழுவிய பிறகு தரையில் பெயர்ந்த சிமென்ட் குழி, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் அடிவிளிம்பு, கம்பிவலைக்கு வெளியே ஓடும் வாய்க்காலில் முடி அடைத்த இடம், இதெல்லாம் ஒரு நடை நடந்து பாருங்கள். டார்ச் அடித்தால் கொசுப்புழு துள்ளும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது, ஓரத்தைத் தேய்க்கணும். ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவைக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த தடவை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பெரிய ஃபேன் ஒன்று கூண்டுகளின் நீளத்துக்கு அடிக்கிற மாதிரி வைத்தால் நல்ல பலன், கொசு காற்றில் நின்று கடிக்கத் திணறும். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து முதுகில் விடலாம், கொசுவை விரட்டும். ஆனால் கென்னலில் பூனை திரிந்தால் அந்த மருந்துப் பக்கமே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

கூண்டுக்காவல்:

மிக்க நன்றி எல்லோருக்கும். ஐவர்மெக்டின் யோசனையைக் குப்பையில் போட்டாயிற்று. அப்படியென்றால் அவளைத் தனியாக வைக்கத் தேவையே இல்லையா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு ஏதாவது? உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தால் அதன் வழியாக வருமா?

ஈரமூக்கு பதில்:

உண்ணி வழியாக ஹார்ட்வார்ம் வராது. அது கொண்டுவருவது பேபீசியா (சிவப்பணுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணி) மாதிரி வேறு கதை, உண்ணி பூச்சியும் இல்லை, எட்டுக் கால் பிராணி. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும், மலத்தில் அரிசி மாதிரி ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு நாயைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. மனிதரையும் அந்தக் கொசு கடிக்கலாம், ஆனால் நம் உடம்பில் புழு பெரும்பாலும் முதிராமலே செத்துவிடும், அபூர்வமாக நுரையீரலில் சின்னக் கட்டி மாதிரி தெரியும்.

தனியாக வைப்பது வேறு காரணத்துக்காக அவசியம். சிகிச்சையில் மெலார்சமின் ஊசி போட்டு முதிர்ந்த புழுக்களைக் கொல்வார்கள். பெண்புழு 25, 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், செத்துச் சிதைந்த துண்டுகள் நுரையீரல் ரத்தக்குழாயில் போய் அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால், குதித்தால், ஏன் உற்சாகமாகக் குரைத்தால்கூட ஆபத்து. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கட்டாய ஓய்வு. பக்கத்துக் கூண்டு நாய் வாலாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எந்த நாய் சும்மா படுக்கும்? நாய்கள் கண்ணில் படாத ஒரு மூலை, கொசுவலை போட்டு. ஊசிக்கு முன்பே டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் எழுதுவார்கள், புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஒழிக்க. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

வேட்டைநாய்ப்பிரியன் பதில்:

ஒன்று சேர்க்கிறேன். கொசு ஒன்றோடு முடிவதில்லை, உங்கள் பகுதியில் என்ன பூச்சி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். மணல் ஈ உள்ள இடங்களில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய். அந்த ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், சாதாரணக் கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும், டெல்டாமெத்ரின் காலர் உதவும். லீஷ்மேனியாவில் ஒரு சிக்கல், பூச்சியே இல்லாமலும் தாயிடமிருந்து குட்டிக்குப் போகும். 1999ல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ்ஹவுண்ட் என்ற வேட்டைநாய் இனத்தின் கென்னல் ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள், அந்த நாய்களில் அது பெரும்பாலும் தாய்வழியாகவே தொடர்ந்ததாகத் தெரியவந்தது. இனப்பெருக்கத்துக்கு நாய் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்கக் கண்டங்களில் என்றால் சாகஸ் நோய், அதுவும் பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோய்தான். அதைப் பரப்பும் ட்ரயாடோமா என்ற ரத்தம் குடிக்கும் பூச்சி இரவில் விளக்கு வெளிச்சத்துக்குப் பறந்து வரும், நாய் அதைப் பிடித்துத் தின்றாலே தொற்றும். அங்கே கென்னல் நடத்துபவர்கள் ராத்திரி விளக்கை அணைத்துவிடுவதும், கூண்டுப் பக்கத்தில் விறகு, கல் குவியல் வைக்காமல் இருப்பதும் அதனால்தான்.

கூண்டுக்காவல்:

சரி, நாளைக்கே எல்லாவற்றையும் ரத்தம் எடுக்கக் கொண்டுபோகிறேன். அவளுக்குப் பின்கட்டு அறை ஒன்றைக் காலி செய்தாயிற்று, ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். ரிசல்ட் வந்ததும் இங்கே போடுகிறேன்.