புல் நிற்கும் மேட்டில் குழி தோண்டலாமா?

நாகமலையான்:
எங்கள் ஊர் மதுரைப் பக்கம் நாகமலை அடிவாரம். மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே மேய்ச்சல் புறம்போக்கு மேடு ஒன்று உண்டு. அக்டோபர் 2 கிராம சபையில் அந்த மேடு முழுக்க மரக்கன்று நடத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். வேம்பு, புங்கன், நாவல், அப்புறம் ஓரத்தில் நெருக்கி நெருக்கி நடும் ஒரு குறுங்காடு. ஊரே சந்தோஷமாக இருக்கிறது. நான் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

அந்த மேடு சும்மா கிடக்கும் இடம் இல்லை. கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், துடைப்பப்புல் மூன்றும் அங்கே தூர் கட்டி, அதாவது அடியில் கொத்தாக, நிற்கின்றன. மூன்றும் இந்த மண்ணின் புல். மழைக்கு முளைத்துக் காய்ந்து போகிற வகை இல்லை, ஒரே தூர் பல வருஷம் வாழும். கோடையில் செத்தது போலத்தான் தெரியும். தூரைப் பிரித்துப் பாருங்கள்: வெளியே சாம்பல் நிறத்தில் போன வருஷத் தட்டை, நடுவில் பச்சையாகக் குருத்து. முதல் மழைக்கு அதுதான் துளிர்க்கும். குழி தோண்டினால் முதலில் போவது அந்தத் தூர்தான்.

பசுமை முத்து:
அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை பெய்கிறது. அது மரம் வளரத் தாராளமாகப் போதும். அழகர்மலையில் காடு நிற்கும்போது நாகமலை அடிவாரத்தில் மட்டும் ஏன் நிற்கக்கூடாது? வெட்டி, மேய்த்து, எரித்து மொட்டையாக்கியதால்தான் அங்கே புல் வந்தது. அதை இயற்கை என்று சொல்லிக் காப்பாற்றுவது நியாயமா?

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்த 2022-இல் அரசே பசுமை இயக்கம் தொடங்கியிருக்கிறது. கன்று நட இடம் தேடி அலைகிறோம். பங்குனியில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் உங்கள் புல்மேடு முழுவதும் எரிந்துபோகும். அதையும் யோசியுங்கள்.

நாகமலையான்:
தம்பி, அழகர்மலையில் நூபுரகங்கை ஊற்று ஓடுகிறது. பள்ளத்தில் மண்ணும் ஈரமும் சேர்ந்து நிற்கின்றன. நாகமலை நீளமாக, குறுகலாக ஓடும் பாறை முதுகு. எங்கள் மேட்டில் கடப்பாறை போட்டால் ஒரு முழத்தில் பாறை தட்டும். மேலே இருப்பது செம்மண்ணும் சரளையும். முன்பும் இங்கே நட்டார்கள். தண்ணீர் லாரி வந்தவரை கன்று நின்றது.

தீ பற்றிச் சொன்னீர்கள். தீயில் கன்று செத்துவிடும், தூர் சாகாது. அதன் மொட்டு மண்ணை ஒட்டி, பழைய தட்டைக்கு அடியில் இருக்கிறது. மேலே எரிந்தாலும் கீழிருந்து கிளம்பும். ஊசிப்புல் தீயிலேயே பழகிய புல்.

மழை நாளில் அந்த மேட்டில் போய் நின்று பாருங்கள். சரிவில் இறங்கும் தண்ணீர் ஒவ்வொரு தூரிலும் முட்டி, வேகம் குறைந்து, கொண்டுவந்த மண்ணைத் தூரின் மேல்பக்கம் விட்டுவிட்டுப் போகிறது. ஒவ்வொரு தூரை ஒட்டியும் கையகல மண்திட்டு இருக்கும். வேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் இறங்குகிறது. புல் போன சரிவில் அந்த மண் நேராகக் கண்மாயில்தான் சேரும். கண்மாய் மேடாகிறது, தூர்வாரு என்று வருஷா வருஷம் மனுப் போடுகிறோமே, அந்த மண் எங்கிருந்து வருகிறது?

காற்றில் இருக்கும் கரியைப் (கார்பன்) பிடித்து வைப்பதும் மரம் மட்டும் இல்லை. புல்லின் உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில். வருஷா வருஷம் வேரில் ஒரு பங்கு மட்கி மண்ணோடு சேர்கிறது. தீ வந்தாலும் மண்ணுக்குள் போனது போகாது.

மேலூர் செல்வி:
பறவை பார்க்கிறவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. தூருக்கும் தூருக்கும் நடுவே வெறும் மண் தெரிகிறதே, அது வீணான இடம் இல்லை. சாம்பல்தலை வானம்பாடி தூரின் அடியில் சின்னக் குழி பறித்து முட்டையிடுகிறது. கௌதாரிக் குஞ்சு அந்தச் சந்துகளில்தான் ஓடித் தப்பிக்கிறது. மேலே வட்டமிடும் வல்லூறுக்கு இரை இந்தத் திறந்த வெளியில்தான் கிடைக்கிறது. எங்கள் அரிட்டாபட்டியில் லகர் வல்லூறு இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். குன்றைச் சுற்றிய வெளியை மரத்தால் அடைத்தால் அது எங்கே வேட்டையாடும்?

பசுமை முத்து:
அக்கா, அரிட்டாபட்டியை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். வெற்று வெளி என்று காகிதத்தில் இருந்தால் நாளைக்கே குவாரிக்கோ பிளாட்டுக்கோ போய்விடும். மரம் நின்றால் கை வைக்கப் பத்து பேர் யோசிப்பார்கள். நான் நட நினைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். புல்லைக் காட்டி எந்த அதிகாரியை நிறுத்துவீர்கள்?

இன்னொன்று. கொழுக்கட்டைப்புல்லைத் தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவிலும் அரிசோனாப் பாலைவனத்திலும் அதை ஆக்கிரமிப்புக் களை என்று பிடுங்குகிறார்கள்.

மேலூர் செல்வி:
அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். மாநிலத்தில் அதுதான் முதல். அப்படியும் 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலப் பரப்புக்குள் அது வந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதென்றால், ஊர் ஊராக மக்கள் ரோட்டுக்கு வந்ததால். என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அதனால் நின்றது. உங்கள் பயம் பொய் இல்லை முத்து. ஆனால் அதற்கு மருந்து, அந்த மேட்டின் புல்லையும் பறவையையும் ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வைப்பது.

நாகமலையான்:
களை விஷயம்: கொழுக்கட்டைப்புல் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரைக்கும் சொந்தப் புல். மாட்டுத் தீவனத்துக்கென்று கொண்டுபோய் விட்ட இடத்தில் அது களையானது. நம் சீமைக்கருவேலத்துக்கு மெக்சிகோ பக்கம் சொந்த ஊர். அங்கே அது சாதாரண மரம், இங்கே என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கிடைக்காரர் பேரன்:
இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள், மேய்க்கிறவனை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் புலிக்குளம் மாடு. அறுவடை முடிந்தால் வயலில் கிடை போடுவோம், அதாவது சாணம் உரமாக மாட்டை ராத்திரி அங்கேயே அடைப்போம்; பயிர் ஏறிவிட்டால் இந்த மாதிரி மேட்டைத்தான் நம்பி இருக்கிறோம். 2022-இல் காட்டு மேய்ச்சலுக்கு உயர்நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மட்டும் என்று சுருக்கினார்கள். காடும் பாதி போனது, புறம்போக்கையும் வேலி போட்டு அடைத்தால் மாட்டை விற்க வேண்டியதுதான்.

புல்லைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். கொழுக்கட்டை மாட்டுக்கு உயிர். ஊசிப்புல் இளசில் நல்லது, முற்றினால் ஆகாது. விதையின் கூர்முனை ஆட்டு மயிரில் ஏறித் தோலைக் குத்தி ஆட்டைப் புண்ணாக்கிவிடும். காய்ந்த விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுப் பாருங்கள், வால் முறுக்கவிழ்ந்து தானாகச் சுற்றும். அப்படித்தான் மண்ணுக்குள் துளைத்துப் போகிறது. துடைப்பப்புல்லை மாடு பெரிதாகத் தொடாது, பெண்கள் விளக்குமாற்றுக்கு அறுப்பார்கள். எங்கே துடைப்பப்புல் மட்டும் மிச்சமோ, அங்கே மேய்ச்சல் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

பசுமை முத்து:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மேய்ச்சலே புல்லைத் தின்று தீர்க்கிறது. அப்புறம் எதைக் காப்பது?

கிடைக்காரர் பேரன்:
மேய்ச்சல் கெடுக்காது தம்பி, நேரம் தப்பிய மேய்ச்சல்தான் கெடுக்கும். முதல் மழைக்குத் துளிர்க்கிற குருத்து, வேரில் சேர்த்து வைத்த சத்தில் வருகிறது. அதை அப்போதே கடிக்க விட்டு, திரும்பத் திரும்பக் கடிக்க விட்டால் தூர் செத்துவிடும். ஒரு மாதம் ஒன்றரை மாதம் மேய்க்காமல் காப்பு விட்டு, கதிர் வந்த பிறகு மாட்டை விட்டால் விதையும் உதிரும், தூரும் பெருக்கும். எங்கள் தாத்தா காலத்தில் ஊர் மந்தையில் பேசி அப்படி விட்டிருக்கிறார்கள்.

நாகமலையான்:
காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காட்டை மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். காங்கேயம் மாடு நிற்பதே அந்தப் புல்லில்தான். மரமே கூடாது என்று நான் சொல்லவில்லை, பத்தடிக்கு ஒன்றாக மேட்டை அடைக்காதீர்கள் என்கிறேன். ஓடைக்கரையிலும், சீமைக்கருவேலம் வெட்டிய பள்ளத்திலும் நாவலும் புங்கனும் நடுங்கள், நானே தண்ணீர் ஊற்றுகிறேன். புல் நிற்கும் சரிவைத் தொட வேண்டாம்.

பசுமை முத்து:
கொரங்காடு பட்டா நிலம் அண்ணே. ஒருத்தர் வேலி போடுகிறார், ஒருத்தர் முடிவெடுக்கிறார். இது ஊர்ப் பொது இடம். காப்பு விடுவதை யார் பார்ப்பது? ஓடைக்கரைக்கும் பள்ளத்துக்கும் முதலில் நடலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. குறுங்காடு மேட்டில் வேண்டாம் என்பதையும் மற்றவர்களிடம் பேசிப் பார்க்கிறேன். ஆனால் நட்ட இடத்துக்கு வேலி கட்டாயம் வேண்டும். கிராம சபையில் அதற்குத்தான் கை தூக்குவேன்.

கிடைக்காரர் பேரன்:
வேலி போடுங்கள். மாடு கண்மாய்க்கு இறங்கித் தண்ணீர் குடிக்கிற தடத்தை மட்டும் விட்டுப் போடுங்கள். அந்தத் தடம் எது என்று காட்ட நாங்கள் நாலு பேர் சபைக்கு வருகிறோம்.