பழைய இங்கிலீஷ் ‘யங் அடல்ட்’ நாவல் வாங்கும்போது என்ன பார்க்கணும்? கழண்ட பக்கத்தை எப்படி ஒட்ட?

தாமிரா_16:
பாளையங்கோட்டை, பதினொண்ணாம் வகுப்பு, தமிழ் மீடியம். யங் அடல்ட் நாவல்னா, அதான் பதின்பருவப் பிள்ளைங்களுக்குன்னு எழுதுற கதைன்னா, எனக்கு உயிரு. அதுலயும் சர்வாதிகார ஊருக்குள்ள மாட்டிக்கிட்ட பிள்ளைங்க கதை, மந்திர உலகக் கதை. புதுசு வாங்கக் கட்டுப்படியாகல, பிளாட்பாரத்துலயும் பழைய பேப்பர் கடையிலயும்தான் எடுக்கேன். மூணு சந்தேகம். போலிப் பிரதியை எப்படிக் கண்டுபிடிக்க? நடுவுல தாள் கழண்டு வந்தா செலோ டேப் ஒட்டலாமா? இங்கிலீஷ் மெதுவாத்தான் ஓடுது, 400 பக்கப் புத்தகம்னா பாதியில நின்னுருது. தமிழ்ல இதே மாதிரி இருக்கா? அண்ணாச்சிமாரும் அக்காமாரும் சொல்லுங்க.

ரதவீதிக்காரன்:
தங்கச்சி, முதல்ல அட்டையைத் தடவிப் பாரு. அசல் அட்டையில பல சமயம் தலைப்பு மேடு தட்டியிருக்கும், இல்லன்னா தங்க நிற ஃபாயில் இருக்கும். போலியில அதைப் படம் பிடிச்சு அப்படியே அச்சடிச்சிருப்பான். கண்ணுக்கு மேடு, கைக்கு வழவழ. அடுத்து ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரா தூக்கு. பின்பக்க எழுத்து தெளிவாத் தெரிஞ்சா மட்டமான தாள். எழுத்தோட ஓரம் மசமசன்னு இருக்கும், வரி ஒரு பக்கமா சாயும், உள் ஓரம் முதுகுக்குள்ள போயி மறையும். ஸ்கேன் எடுத்து அடிக்கிறதோட லட்சணம் இது.

பின்னட்டையில ஐஎஸ்பிஎன், அதான் புத்தகத்தோட அடையாள எண், இருக்கேன்னு நம்பிராத. 978-ல ஆரம்பிக்கிற அந்தப் பதிமூணு இலக்கத்தையும் சேர்த்துத்தான் அவன் காப்பி அடிக்கான்.

போலியோ அசலோ, பக்க எண்ணைப் பார்க்காம காசைக் குடுக்காத. புத்தகம் பெரும்பாலும் 16 இல்லன்னா 32 பக்க ஃபாரமா (பெரிய தாள்ல அடிச்சு மடிக்கிற கட்டு) அச்சாகி, அடுக்கி, அப்புறம்தான் பைண்ட் ஆகுது. அடுக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போனா 96-க்கு அடுத்து 113 வந்து நிக்கும். சில நேரம் ஒரே ஃபாரம் ரெண்டு தடவை இருக்கும். கட்டை விரலால சரசரன்னு தள்ளி மூலையில எண்ணை மட்டும் பாரு, ரெண்டு நிமிஷ வேலைதான். கிளைமாக்ஸ்ல 16 பக்கம் காணாமப் போறதை விடக் கொடுமை வேற இல்ல.

இன்னொண்ணு. இந்த வகைக் கதையில முக்காவாசி மூணு பாகம், நாலு பாகம். பழைய கடையில சிக்குறது ரெண்டாம் பாகமாத்தான் இருக்கும். தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல ‘இதே ஆசிரியரின் நூல்கள்’னு பட்டியல் இருந்தா, வரிசை அதுலயே தெரியும். முதல் பாகம் கைக்கு வராம நடுப்பாகத்தை வாங்காத.

பசைச்சட்டி:
செலோ டேப் மட்டும் வேண்டவே வேண்டாம் தாயி. நம்ம ஊரு வெயிலுக்கு அதுல உள்ள பசை இளகி தாளுக்குள்ள இறங்கும். பிளாஸ்டிக் உரிஞ்சு போனாலும் மஞ்சக்கறை போகாது, பக்கத்துத் தாளும் சேர்ந்து ஒட்டும்.

ஒண்ணு ரெண்டு தாள்தான் கழண்டிருக்குன்னா வெள்ளை ஃபெவிகால் போதும். தாளோட உள் ஓரத்துல காய்ஞ்ச பழைய பசை இருக்கும். அதை ஸ்கேல் விளிம்பால சுரண்டி எடு. எடுக்காம ஒட்டினா தாள் முதுகு வரைக்கும் போகாம வெளியே துருத்திக்கிட்டு நிக்கும். இப்போ தாளை ஒரு பழைய பேப்பர் மேல வச்சு, மேல இன்னொரு பேப்பரால மூடு. உள் ஓரம் 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியட்டும். அந்த 2 மில்லிமீட்டர்ல சின்ன பிரஷ்ஷால ஒரே இழுப்பு. பசை பளபளன்னு தெரிஞ்சாலே அதிகம்தான், துடைச்சிரு. புத்தகத்தை விரிச்சு, தாளை முதுகுவரை தள்ளி, மேல் ஓரமும் கீழ் ஓரமும் மத்த தாளோட சமமா நிக்கான்னு பாரு. கழுவிக் காயவச்ச பால் கவரைக் கிழிச்சு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு செருகு. ஃபெவிகால் அதுல பிடிக்காது. மூடி, மேல ஒரு செங்கல்லைத் துணியில சுத்தி வச்சு, ராத்திரி முழுக்க விட்டுரு. அவசரப்பட்டு ஒரு மணி நேரத்துல திறந்து பார்த்தா போச்சு.

முதுகே விட்டுக் கொத்துக் கொத்தா வருதுன்னா இது பத்தாது. அட்டையைப் பிரிச்சு எடுத்து, தாளையெல்லாம் தட்டி அடுக்கி, ரெண்டு பலகைக்கு நடுவுல இறுக்கிக் கட்டணும், முதுகு மட்டும் மேல தெரியட்டும். பழைய பசையைச் சுரண்டி உப்புத்தாளால தேய். ஹேக்சா பிளேடால ஒண்ணரை இஞ்சுக்கு ஒண்ணா, 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, ஒவ்வொண்ணுலயும் நூலைப் பதி. நாலு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து முதல் பூச்சு. அது காய்ஞ்ச பிறகு கெட்டியா ரெண்டாவது. அது ஈரமா இருக்கும்போதே பழைய வேட்டித்துணியை முதுகு அகலத்தை விட ரெண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூட வெட்டி ஒட்டு. அப்புறம்தான் அட்டை.

மைதாப் பசை மலிவுதான். ஆனா கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. பூச்சி வராம இருக்கப் பழைய பைண்டர்மார் அதுல மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், வீட்டுல வேண்டாம்.

தாமிரா_16:
பைண்டிங் கடையில குடுத்தா ஓரத்துல துளை போட்டுத் தைச்சுத் தாரேன்னு சொல்லுதாங்க. குடுக்கலாமா?

பசைச்சட்டி:
கைடுக்கும் நோட்டுக்கும் அது சரி. நாவலுக்குக் குடுக்காத. ஓரத் தையல் உள் ஓரத்துல அரை இஞ்ச் தின்னுரும். இங்கிலீஷ் பேப்பர்பேக்குல உள் ஓரமே அவ்வளவுதான் இருக்கும். பிறகு இடப்பக்கத்துல வரியோட கடைசிச் சொல்லையும், வலப்பக்கத்துல முதல் சொல்லையும் நெம்பி நெம்பித்தான் படிக்கணும். ‘பசை பைண்டிங் மட்டும், வெட்டக் கூடாது’ன்னு சொல்லிக் குடு. சொல்லலன்னா மூணு பக்கமும் வெட்டி ஓரத்தை நேராக்கிருவாங்க.

கரிசல்_வாசகி:
மூணாவது கேள்விக்கு வாரேன். 400 பக்கம், பக்கத்துக்கு 250 சொல்லுன்னா ஒரு லட்சம் சொல். நிமிஷத்துக்கு 100 சொல் படிச்சா 1,000 நிமிஷம். தினம் அரை மணி நேரம்னு வச்சாலும் 33, 34 நாள் ஆகும். ஒரு வாரத்துல முடியலன்னு நீ மூடி வைக்கே, கணக்கு அப்படி இல்ல.

புத்தகம் எடுக்கும்போது முதல் பக்கத்தைப் படிக்காத, அதை எல்லாரும் செதுக்கித்தான் எழுதுவாங்க. 50-ஆம் பக்கத்தைத் திற. தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு. பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சு விரலும் மடங்கினா அதை ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம். மந்திர உலகக் கதையில மட்டும் ஒரு சலுகை: ஆசிரியரே உண்டாக்கின ஊர்ப்பேரு, மிருகப்பேரை எண்ணாத. ‘நான்’னு சொல்லுற பிள்ளையோட குரல்ல, நிகழ்காலத்துல எழுதினது லேசா ஓடும், வாக்கியம் சின்னதா இருக்கும். அதுல தொடங்கு.

தமிழ்ல ‘இளையோர் நாவல்’னு கேளு. ‘சிறுவர் நூல்’னு கேட்டா எட்டு வயசுப் பிள்ளைக்கு உள்ளதைக் காட்டுவாங்க. நம்ம பக்கத்துக் கோவில்பட்டி உதயசங்கர் எழுதின ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வச்சு நடக்கும் கதை, 2023-ல பால சாகித்ய புரஸ்கார், அதான் சாகித்ய அகாதமியோட சிறுவர் இலக்கிய விருது, வாங்கினது. அந்த விருது 2010-லேருந்து குடுக்காங்க, தமிழ்ப் பட்டியலைத் தேடி எடுத்தா நல்ல வரிசை கிடைக்கும். ‘ஓங்கில் கூட்டம்’னு பதின்பருவத்துக்காகவே சின்னச் சின்ன நூல்களும் வருது. ஆனா நீ கேட்ட சர்வாதிகார நாட்டுக் கதை, அதுவும் மூணு பாகமா, தமிழ்ல ரொம்பக் குறைவு. அந்தப் பசிக்கு இங்கிலீஷ்தான். வாங்குறதுக்கு முன்னால பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துல தேடு. டூயி எண் (நூலகத்துல புத்தகத்தை வகை பிரிக்கிற எண்) போட்ட அலமாரின்னா பிரிட்டிஷ் கதைகள் 823-ல இருக்கும், அமெரிக்கக் கதைகள் 813-ல. 823-ஐ மட்டும் பார்த்துட்டு இல்லைன்னு திரும்பிராத.

சாரல்_தென்காசி:
ஒரே ஒரு விஷயம். சாரல் நாள்லயும் ஐப்பசி மழையிலயும் அலமாரியைச் சுவரோட ஒட்டி வைக்காத, நாலு விரல் இடைவெளி விடு. பூச்சிக்குக் காய்ஞ்ச வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் போதும். ஈரம் போகாத வேப்பிலையைப் போட்டா அதுவே பூஞ்சை கொண்டு வரும்.

தாமிரா_16:
ஸ்கேலும் பால் கவரும் ரெடி. செங்கல்லுக்குத்தான் மாடிக்குப் போகணும்.